டாங்கி செய்த நாட்டில் கார் செய்ய ஆள் இல்லை: ஸ்லோவாக்கியாவின் திறன் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது?

2018 அக்டோபரில் ஸ்லோவாக்கியாவின் நிட்ரா நகரில் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பிராட்டிஸ்லாவாவில் ஃபோக்ஸ்வாகன், டிர்னாவாவில் பெஜோ–சிட்ரோயன், ஜிலினாவில் கியா ஆகியவற்றுக்கு அடுத்து நாட்டின் நான்காவது கார் ஆலை அது. மக்கள்தொகை 54 லட்சம், ஆண்டுக்குச் செய்யும் கார் ஏறக்குறைய 10 லட்சம். தலைக்கு எத்தனை கார் என்று கணக்குப் போட்டால் உலகில் முதலிடம். அந்தக் காலத்தில் மேற்குப் பகுதி ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்பவர்களும் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: ஆள் கிடைக்கவில்லை. செர்பியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் ஆட்களை வரவழைத்து விடுதிகளில் தங்கவைத்தார்கள். அதே 2018 முடிவில் தெற்கே ரிமாவ்ஸ்கா சொபோட்டா மாவட்டத்தில் பதிவான வேலையின்மை 15 சதவீதத்தை ஒட்டி நின்றது. தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் அது 3 சதவீதம்கூட இல்லை.

ஆள் இல்லை என்பதும் உண்மை, வேலை இல்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நாட்டில் எப்படி நிற்கின்றன என்று கேட்டால், "பள்ளிக்கூடம் சரியில்லை, பிள்ளைகளுக்குத் திறன் போதவில்லை" என்ற பதில் வந்துவிடும். அது பாதிப் பதில்கூட இல்லை. சோஷலிசப் பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகளில் 1990-களில் திறன் காணாமல் போகவில்லை. திறனை உண்டாக்கிய ஏற்பாடு காணாமல் போனது. ஏற்கெனவே உருவான திறன் அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கைகொடுத்ததால் அந்த இழப்பு வெளியே தெரியவில்லை. குதிரில் நெல் இருக்கும்வரை விதைக்காதது யாருக்கும் உறைப்பதில்லை.

ஆலைக்குள் இருந்த பள்ளி

1989-க்கு முன், ஸ்லோவாக்கியா அடங்கிய சோஷலிச செக்கோஸ்லோவாக்கியாவில் பெரிய ஆலை என்றால் அதற்கென்று ஒரு தொழிற்பள்ளி இருக்கும். நம்மூர் ஐ.டி.ஐ.யும் அப்ரண்டிஸ்ஷிப்பும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். 15 வயதில் சேரும் பையன் மூன்று ஆண்டுகள் வகுப்பறைக்கும் பட்டறைக்கும் மாறிமாறிப் போவான். சாப்பாடு, விடுதி, கொஞ்சம் கைச்செலவுப் பணம் எல்லாம் ஆலை தரும். கடைசியில் டர்னர் (லேத்தில் கடைபவர்), மில்லர் (எந்திரத்தில் உலோகத்தைச் செதுக்குபவர்), ஃபிட்டர், வெல்டர், டூல்மேக்கர் (அச்சுகளும் கருவிகளும் செய்பவர்) என்று ஏதாவது ஒரு தொழிற்சான்றோடு அதே ஆலையில் வேலைக்குச் சேர்வான். டி-72 டாங்கிகள் உருவான மார்ட்டின், ஆயுத ஆலை இருந்த டுப்னிட்சா போன்ற ஊர்களில் அப்பாவும் பிள்ளையும் ஒரே பட்டறைத் தளத்தில் நிற்பது சாதாரணம்.

அந்தக் கைத்திறன் எந்த மாதிரியானது என்று பார்ப்பது முக்கியம். திட்டமிட்ட பொருளாதாரத்தில் மூலப்பொருள் மாதக் கடைசியில்தான் வந்து சேரும். பேரிங் உடைந்தால் கடையில் போய் வாங்க முடியாது. ஆகவே ஆலைகள் இரண்டு காரியம் செய்தன. மாதக் கடைசி ஓட்டத்துக்கு உதவும் என்று தேவைக்கு மேல் ஆட்களை வைத்துக்கொண்டன. நஷ்டம் வந்தால் அரசு ஈடுகட்டும், சம்பளமும் குறைவு என்பதால் அது வலிக்கவில்லை. இன்னொன்று, வேண்டிய உதிரிபாகத்தைத் தாங்களே கடைந்து எடுத்துக்கொண்டன. இதனால் இரும்பைத் தொட்டால் அதன் குணம் தெரியும், வரைபடம் இல்லாவிட்டாலும் சமாளிக்கும் ஒரு தலைமுறை உருவானது. அவர்களுக்குப் பழக்கமே இல்லாதவையும் இருந்தன. ஒவ்வொரு பாகத்துக்கும் அளவுப் பதிவேடு எழுதுவது, செய்யும் இடத்திலேயே தரத்துக்குப் பொறுப்பேற்பது, வாங்குபவர் சொன்ன மணிக்கு அனுப்புவது, ஒரு பாகத்தின் செலவு என்ன என்று தெரிந்துகொள்வது ஆகியவை அவை. தரத்தைப் பார்ப்பது கடைசி வாசலில் உட்கார்ந்திருக்கும் தனிப் பிரிவின் வேலையாக இருந்தது.

1990 தொடக்கத்தில் தலைநகர் ப்ராக்கிலிருந்த அரசு ஆயுத வியாபாரத்தை விட்டுவிடப் போவதாக அறிவித்தது. 1991-ல் கிழக்கு முகாமின் வர்த்தகக் கூட்டமைப்பு கலைந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஆயுத உற்பத்தியில் பெரும்பங்கு ஸ்லோவாக்கியாவில்தான் இருந்தது என்பதால் அடியும் அங்கேதான் பலமாக விழுந்தது. பணம் இல்லாத ஆலை முதலில் எதை வெட்டும்? இன்று வெட்டினால் இன்றைய உற்பத்தி குறையாத செலவைத்தான் வெட்டும். தொழிற்பள்ளிகள் அப்படித்தான் ஆலையை விட்டு அரசின் கணக்குக்குப் போயின. பட்டறைத் தளமும் மேஸ்திரியும் ஒரு பக்கம், வகுப்பறை இன்னொரு பக்கம் என்று பிரிந்தன. அப்போது இதைப் பெரிய நிகழ்ச்சியாக யாரும் கருதவில்லை. வேலையற்றவர்கள் வரிசையில் நிற்கும்போது எவராவது அப்ரண்டிஸ் வேண்டும் என்று கேட்பார்களா?

முதல் பத்தாண்டு: தப்பான திறனின் உபரி

எல்லாத் திறனும் ஒரே வேகத்தில் மதிப்பிழக்கவில்லை. வெல்டரும் எலக்ட்ரீஷியனும் சீக்கிரமே வேறு வேலை பிடித்தார்கள். டாங்கி வரைபடக்காரர், வேலை நேர அளவு நிர்ணயித்தவர், திட்டமிடல் பிரிவு எழுத்தர் ஆகியோரின் அறிவு அந்த ஆலைக்கு வெளியே செல்லாக்காசு. நிஷ்னா என்ற சிற்றூரில் டெலிவிஷன் செய்துகொண்டிருந்த டெஸ்லா ஆலையில் (இன்றைய அமெரிக்கக் கார் கம்பெனி அல்ல, பழைய அரசு மின்னணு நிறுவனம்) சர்க்யூட் பலகை பூட்டிய பெண்களுக்கு, ஆசியாவிலிருந்து வந்த மலிவான பெட்டிகளோடு போட்டியிட வழியில்லை. 2001-ல் நாட்டின் வேலையின்மை 19 சதவீதம் அளவுக்கு ஏறியது.

ஆனால் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. 1991-ல் பிராட்டிஸ்லாவாவின் பழைய கார் ஆலையை ஃபோக்ஸ்வாகன் ஏற்றது. ஆஸ்திரிய எல்லை கூப்பிடு தூரம், சம்பளமோ ஜெர்மனியில் தருவதில் ஒரு சிறு பங்கு. இரும்பு வேலை தெரிந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முதலீட்டாளர்கள் சலுகைக்காக வந்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. சலுகை எல்லா நாடும் தரும். வேறு யாரோ செலவழித்துப் பயிற்றுவித்த, முப்பது வயதான டூல்மேக்கரை எல்லா நாடும் தர முடியாது.

கார் ஆலைக்கு எந்தத் திறன் வேண்டும்?

"திறமையான தொழிலாளி" என்ற ஒற்றைச் சொல்லால் இங்கே குழப்பம்தான் வருகிறது. அசெம்பிளி லைனில் ஒரு வேலையிடத்துக்கு ஒதுக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஜிலினா போன்ற ஆலையில் நிமிடத்துக்கு ஒரு கார் என்ற கணக்கில் லைன் நகரும். அந்த ஒரு நிமிட வேலையைக் கற்க மூன்றாண்டுச் சான்று தேவையில்லை, சில வாரங்கள் போதும். அங்கே வேண்டியது ஷிப்டுக்கு நேரத்தில் வருவது, வேலைக் குறிப்புத் தாளில் உள்ள வரிசையை மாற்றாமல் செய்வது, தப்பு கண்ணில் பட்டால் மறைக்காமல் கயிற்றை இழுத்து லைனை நிறுத்துவது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம். தப்பை மேலிடம் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று பழகிய பட்டறையில் வளர்ந்தவருக்கு அது எளிதில் கைவராது.

உண்மையான தட்டுப்பாடு பராமரிப்பிலும், டூல்மேக்கர்கள் வேலை செய்யும் டூல் ரூமிலும், கணினி இயக்கும் வெட்டு எந்திரத்தை (சி.என்.சி.) ஓட்டத்துக்குத் தயாராக்கும் செட்டர் வேலையிலும்தான். ஓர் உதாரணம். வேலியிட்ட வெல்டிங் ரோபோ நிலையம், ஆலை மொழியில் கூண்டு, திடீரென்று நிற்கிறது. திரையில் "கிளாம்ப் மூடவில்லை" என்ற எச்சரிக்கை (பாகத்தைப் பிடிக்கும் கவ்விதான் கிளாம்ப்). பழைய மெக்கானிக் வந்து காற்றழுத்தம் பார்க்கிறார், சிலிண்டரைத் தள்ளிப் பார்க்கிறார். கிளாம்ப் நன்றாக மூடுகிறது. எலக்ட்ரீஷியன் வந்து சென்சாருக்கு 24 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைக்கிறார். வருகிறது. இரண்டு பேரும் தத்தம் தொழிலில் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்துவிட்டார்கள், கூண்டு மட்டும் ஓடவில்லை. கூண்டை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.யின் நிரல் அந்த சென்சாரோடு இன்னொரு நிபந்தனைக்கும் காத்திருக்கிறது. உதாரணமாக, முந்தைய நிலையத்தில் ரோபோ தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது என்ற சைகை. மடிக்கணினியை இணைத்து, நிரல் எந்தப் படியில் நிற்கிறது என்று வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ரோபோ கொடுத்த கம்பெனியின் ஆளை வெளியூரிலிருந்து கூப்பிடுவார்கள். அல்லது யாராவது ஒரு ஒயரைக் குறுக்கே போட்டு சென்சாரை ஏமாற்றுவார்கள். கூண்டு ஓடும். பத்து நாள் கழித்து, சரியாக மூடாத கிளாம்பில் பற்றவைத்த பாகங்கள் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வாசலில் நிற்கும். நிமிடத்துக்கு ஒரு கார் ஓடும் லைனில் 40 நிமிடம் நின்றால், இடையில் இருப்பு வைத்திருப்பது தீர்ந்ததும் இழப்பு 40 கார்.

மெக்கானிக்கையும் எலக்ட்ரீஷியனையும் நிரலரையும் ஒரே ஆளிடம் கேட்பதற்காகத்தான் ஜெர்மனி 1998-ல் மெக்கட்ரானிக்ஸ் என்ற தனித் தொழிற்பயிற்சியை உண்டாக்கியது. ஸ்லோவாக் பள்ளிகளிலும் அந்தப் பெயரில் நான்காண்டுப் படிப்பு வந்தது. பெயர் வந்தது, கருவி வரவில்லை. பல பள்ளிப் பட்டறைகளில் டிரென்சீன் ஆலையில் செய்த பழைய எஸ்.வி.18 லேத்துகளே நின்றன. அவை நல்ல லேத்துகள், அடிப்படைக் கைப்பழக்கத்துக்கு இன்றும் பிரமாதம். ஆனால் டூல் ஆஃப்செட் (எந்திரத்தின் கணினியில் பதிந்த கருவி அளவு) திருத்துவது, முதல் பாகத்தை அளந்து பார்த்து ஓட்டத்துக்கு அனுமதிப்பது, கருவி தேயத் தேய மைக்ரான் கணக்கில் ஈடுசெய்வது ஆகியவற்றை அவற்றில் கற்க முடியாது. மறுபக்கம், கணினித் திரையில் போலி எந்திரத்தை ஓட்டி மட்டும் சி.என்.சி. கற்றுவந்த மாணவனுக்கு, சீவல் நீலமாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று தெரியாது. இரண்டு குறையும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதில்லை. ஓய்வுபெறப் போகும் மூத்தவரையும் புதியவரையும் ஒரே எந்திரத்தில் ஓர் ஆண்டு சேர்த்து நிறுத்திய ஆலைகள் பிழைத்தன. அந்த ஓர் ஆண்டு இரட்டைச் சம்பளத்தைச் செலவு என்று வெட்டியவை பின்னால் அழுதன.

வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2012-ல் நடத்திய பெரியவர்களின் திறன் ஆய்வில் இந்தப் பிளவு அப்படியே தெரிந்தது. ஸ்லோவாக்கியர்களின் எண் திறன் சராசரிக்கு மேலே. ஆனால் ஐந்தில் ஒருவருக்குக் கணினியைத் தொட்ட அனுபவமே இல்லை.

பணம் மாணவனைப் பின்தொடர்ந்தபோது

பள்ளிகள் ஏன் தேவையான படிப்பை நடத்தவில்லை? 2003-ம் ஆண்டின் 597-ம் எண் சட்டம் பள்ளிக்கான நிதியை மாணவர் தலைக்கணக்கில் தர ஏற்பாடு செய்தது. படிப்புக்குப் படிப்பு தொகை கொஞ்சம் மாறினாலும், பள்ளி முதல்வரின் கணக்கு எளிமையானது. பத்து பேருக்கு மேல் நிற்க முடியாத, எந்திரமும் மின்சாரமும் கட்டர்களும் தின்னும் டர்னர் வகுப்பு ஒரு பக்கம். முப்பது பேரை உட்காரவைத்து நடத்தும் வணிகம் அல்லது ஹோட்டல் நிர்வாக வகுப்பு இன்னொரு பக்கம். எதை விரிப்பார்?

இதன்மேல் மக்கள்தொகை வந்து உட்கார்ந்தது. 1990-ல் ஸ்லோவாக்கியாவில் பிறந்த குழந்தைகள் சுமார் 80,000. 2002-ல் சுமார் 51,000. அந்த 2002-ன் குழந்தைகள் 2017 வாக்கில் பத்தாம் வகுப்பு வயதுக்கு வந்தபோது, எல்லாப் பள்ளியும் அவர்களைப் பிடிக்க ஓடியது. மாத்துரிட்டா எனும் பள்ளி இறுதித் தேர்வுள்ள படிப்பு வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1990-களில் ஆலை வாசலில் பூட்டு தொங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள், பிள்ளையை ஃபிட்டராக்க ஆசைப்படுவார்களா? அப்படிப் படித்து வந்தவர்களில் பலர் படிப்புக்குக் குறைந்த வேலையில் இருக்கிறார்கள். புள்ளிவிவரத்தில் இதற்கு மிகைக்கல்வி என்று பெயர். பற்றாக்குறையும் மிகையும் ஒரே பள்ளியிலிருந்து வெளியே வந்தன.

1988-ல் சான்று பெற்ற 18 வயது டூல்மேக்கருக்கு 2020-ல் 50 வயது. அவருக்கு மூத்தவர்களில் பலர் அதற்குள் ஓய்வுபெற்றாகிவிட்டது. 2010-களின் நடுவில் பற்றாக்குறை திடீரென்று வெடித்ததாகப் பேசப்பட்டதற்கு இந்த வயதுக் கணக்கே பெரும் காரணம். குதிர் காலியானது.

தூரம், வீடு, சம்பளம்

ரிமாவ்ஸ்கா சொபோட்டாவில் வேலை தேடுபவர் பிராட்டிஸ்லாவாவுக்குக் குடிபோகாததற்குத் திறனைத் தாண்டிய காரணம் உண்டு. 1990-களில் அரசு, நகராட்சி அடுக்குமாடிகளைக் குடியிருந்தவர்களுக்கே சொற்ப விலையில் விற்றார்கள். இன்று ஏறக்குறைய 90 சதவீதம் பேர் சொந்த வீட்டுக்காரர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாடகை வீடுகளே குறைவு, இருப்பவை தலைநகரில் விலை அதிகம். தெற்கில் உள்ள வீட்டை விற்றால் தலைநகரில் ஓர் அறை வாங்கவும் போதாது. கிழக்கில் உள்ள கோஷிட்சே நகரையும் பிராட்டிஸ்லாவாவையும் இணைக்கும் நெடுஞ்சாலை 1970-களில் தொடங்கியும் முழுதாக முடியவில்லை. மக்கள் நகராமல் இல்லை. ஆஸ்திரியாவுக்கும் செக் நாட்டுக்கும், 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் பிரிட்டனுக்கும் போனார்கள். எப்படியும் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமென்றால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உள்நாட்டுச் சம்பளத்துக்குப் போவானேன்?

சம்பளம் என்ற சொல்லை முதலாளிகள் சங்க அறிக்கைகளில் அரிதாகவே பார்க்கலாம். 2017 ஜூனில் பிராட்டிஸ்லாவா ஃபோக்ஸ்வாகன் ஆலையில் முதல் வேலைநிறுத்தம் நடந்தது. ஆறு நாளில், தவணைகளாக மொத்தம் 14 சதவீதம் உயர்வோடு முடிந்தது. இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. ஆறு மாதம் காலியாகக் கிடந்த பணியிடம், சம்பளத்தை 15 சதவீதம் உயர்த்தியதும் நிரம்பினால், அங்கே இருந்தது விலைப் பற்றாக்குறை. உயர்த்தியும் விண்ணப்பமே வராவிட்டால் திறன் பற்றாக்குறை. பக்கத்து ஆலையிலிருந்து ஆள் வந்து நிரம்பினால், பற்றாக்குறை தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

ஐரோப்பிய மறுகட்டமைப்பு மேம்பாட்டு வங்கியும் உலக வங்கியும் 1999 முதல் இந்த நாடுகளின் நிறுவனங்களிடம் நடத்திவரும் கணக்கெடுப்பில், "தொழிலாளரின் கல்வித்தரம் உங்களுக்கு எவ்வளவு தடை?" என்று கேட்கிறார்கள். தடையே இல்லை என்பதிலிருந்து மிகக் கடுமையான தடை என்பதுவரை ஒரு படிநிலை. இந்தப் பதில்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. புது எந்திரம் வாங்கி விரியும் நிறுவனம்தான் ஆள் போதவில்லை என்று கத்தும். 1985-ம் ஆண்டு எந்திரத்தில் அதே திருகாணியைச் செய்துகொண்டிருப்பவருக்குத் தடை எதுவும் தெரியாது. புகார் குறைந்த நாடு நலமாக இருக்கிறது என்று பொருளல்ல. இதைவிட உள்ளூர் அளவுகோல்கள் நம்பத்தக்கவை: டூல்மேக்கர் இடம் நிரம்ப எத்தனை வாரம், எத்தனை பேர் சம்பளம் கேட்டதும் மறுத்தார்கள், வெளி டெக்னீஷியனுக்குக் காத்திருந்து மாதத்தில் எத்தனை மணி நேரம் லைன் நின்றது. ஆலைக்குள் திறன் அட்டவணை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். ஆட்கள் வரிசையாக, வேலைகள் நெடுக்காக, ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 4 வரை ஓர் எண். 0 என்றால் தெரியாது, 2 என்றால் மேற்பார்வையில் செய்வார், 3 என்றால் தனியாகச் செய்வார், 4 என்றால் கற்றுத்தருவார். ஒரு ஷிப்டில் ஒரு வேலைக்கு 3 அல்லது 4 பெற்றவர் ஒரே ஒருவர்தான் என்றால், அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் அந்த நிலையம் நிற்கும். எல்லாருக்கும் 3 போட்டு அட்டவணையைப் பச்சையாக்கும் சூப்பர்வைசர்களும் உண்டு. தணிக்கையாளர் வரும் வாரத்தில் அட்டவணைகள் விசேஷமாகப் பசுமை பெறும்.

பள்ளியை மீண்டும் ஆலைக்கு இழுத்தல்

மற்ற நாடுகளும் இதே பள்ளத்தில்தான் விழுந்தன. ருமேனியா 2009-ல் தன் தொழிற்பள்ளிகளை மூடியது. 2012-லேயே பிராஷோவ் நகரில் ஜெர்மன் கம்பெனிகள் சேர்ந்து க்ரோன்ஸ்டாட் என்ற தொழிற்பள்ளியைத் திறக்க வேண்டியதாயிற்று. ஹங்கேரி வேறு வழி எடுத்தது. 2018 டிசம்பரில், ஆண்டுக்கு 250 மணியாக இருந்த ஓவர்டைம் வரம்பை 400 ஆக்கியது. எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் அதை அடிமைச் சட்டம் என்றார்கள். இருக்கும் ஆளிடமே கூடுதல் மணி பிழிவது எந்தத் திறனையும் கூட்டாது.

ஸ்லோவாக்கியா 2015-ம் ஆண்டின் 61-ம் எண் சட்டத்தால் பள்ளியும் ஆலையும் சேர்ந்து தரும் ஜெர்மன் பாணி இரட்டைப் பயிற்சியைக் கொண்டுவந்தது. ஆலை முதலில் தன் பட்டறை பயிற்சிக்குத் தகுந்தது என்று சான்று வாங்க வேண்டும். பின் பள்ளியோடு ஓர் ஒப்பந்தம், மாணவனோடும் பெற்றோரோடும் இன்னொன்று. உற்பத்தி வேலை செய்யும் நேரத்துக்குக் குறைந்தபட்ச மணிக்கூலியில் 50 முதல் 100 சதவீதம் மாணவனுக்கு. ஒரு மாணவனுக்கு ஆண்டுக்கு 400 மணிக்கு மேல் செய்முறை தந்தால் ஆலையின் வரிக்குரிய வருமானத்தில் 3,200 யூரோ கழிவு, 200 மணிக்கு மேல் என்றால் 1,600. 1989-க்கு முன் இருந்ததை ஜெர்மன் பெயரில் திரும்ப வாங்கினார்கள் என்று ஒரு முதியவர் சொன்னால் மறுப்பது கடினம்.

பெரிய ஆலைகளில் இது ஓடியது. சிறியவற்றில் இழுத்தது. தகட்டை அழுத்திப் பாகம் செய்யும், 60 பேர் வேலை செய்யும் பிரஸ் பட்டறைக்கு வேண்டியது இரண்டு மாணவர்கள். அந்த இருவருக்காகப் பள்ளி தனி வகுப்பு நடத்தாது. பயிற்சி தரும் மூத்தவர் அந்தப் பட்டறையின் ஒரே செட்டராகவும் இருப்பார். அவர் சொல்லித்தர நின்றால் எந்திரம் நிற்கும். எல்லாம் கடந்து பையன் தேறியதும் பக்கத்துக் கார் ஆலை கூடுதல் சம்பளத்துக்குக் கொத்திக்கொண்டு போகும். பணியாளரின் பயிற்சிக்குச் செலவிட்டால் ஐந்தாண்டுவரை இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட அங்குள்ள தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. பெரிய ஆலை அந்தச் செலவைக் கட்டி ஆளை மீட்டுக்கொள்ளும். கால அளவு இன்னொரு சிக்கல். 15 வயதில் சேர்பவர் 19-ல் தேறி, தனியாக ஒரு கூண்டைச் சமாளிக்க 21 ஆகிவிடும். காரின் ஒரு மாடல் ஆறேழு ஆண்டில் மாறும். இன்று கையெழுத்திடும் பயிற்சி அடுத்த மாடலுக்கானது, அந்த மாடல் எதுவென்று பெரும்பாலும் உள்ளூர் மேலாளருக்கே தெரியாது.

இந்தக் கணக்குகளுக்குள் வராதவர்கள் ஒரு பெரிய கூட்டம்: கிழக்கிலும் தெற்கிலும் ரோமா எனும் சிறுபான்மை இனத்தாரின் குடியிருப்புகளில் உள்ளவர்கள். அவர்களின் பிள்ளைகளை மனவளர்ச்சி குறைந்தவர்களுக்கான தனிப் பள்ளிகளில் அளவுக்கு மீறிச் சேர்ப்பதாக ஐரோப்பிய ஆணையம் 2015-ல் ஸ்லோவாக்கியாமீது நடவடிக்கை தொடங்கியது. அந்தப் பள்ளியில் முடித்தவருக்கு மூன்றாண்டுத் தொழிற்படிப்பின் கதவு திறக்காது. 22 வயதில் "திறனற்றவர்" என்று பதிவாகிறவரின் பாதை ஆறு வயதிலேயே முடிவாகிவிடுகிறது. கோஷிட்சேயில் யு.எஸ். ஸ்டீல் உருக்காலை 2002-ல் பக்கத்து வெல்கா இடா கிராமத்தோடு சேர்ந்து ரோமா மக்களை வேலைக்கு எடுத்தது ஒரு தொடக்கம். நகராட்சி இடையில் நின்று பொறுப்பேற்றதால் அது நடந்தது. அதே போல் வேறு எத்தனை ஆலைகள் செய்தன என்று தேட வேண்டியிருக்கிறது.

2022 ஜூலையில் வால்வோ, கோஷிட்சேவுக்கு அருகில் வலாலிக்கி கிராமத்தில் 120 கோடி யூரோவில் மின்சாரக் கார் ஆலை கட்டுவதாக அறிவித்தது. ஆண்டுக்கு 2,50,000 கார், 3,300 வேலை. முதன்முறையாக ஒரு கார் ஆலை வேலையில்லாதவர்கள் இருக்கும் கிழக்குக்கே போகிறது. தூரம், வீடு ஆகிய இரு முடிச்சும் அங்கே அவிழ்கின்றன. பேட்டரி அசெம்பிளிக்கும் ரோபோ பராமரிப்புக்கும் எலக்ட்ரீஷியன்கள் வேண்டும். அந்தப் பகுதியில் தேர்ந்த தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்கள் அதிகம் இருக்கும் இடம் பக்கத்து உருக்காலை. அவர்கள் வாசலைக் கடந்து போகும் வேகத்தைப் பொறுத்து, அடுத்து "ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்லப்போவது ஊதுலைக்காரர்கள்.